புதுசுக்கே முதல் போணி

நடந்தது இதுதான்:

1. தம்புள்ளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையின் பில் வேலைக்கு நான் புதிய மென்பொருள் எழுதினேன்.
2. பழையதைவிட அது வேகமானது என்று எண்களால் காட்ட வேண்டியிருந்தது. காட்டாவிட்டால் மாத்தளை அலுவலகத்தில் என் வேலை நிரந்தரமாகாது.
3. ஒரு வாரம் காலைகளில் போய், இரண்டிலும் ஒரே அறிக்கையை மாறி மாறி எடுத்து நேரம் குறித்தேன்.
4. சராசரி, பழையதே வேகம் என்றது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால், அதாவது இடையம், புதியதே வேகம் என்றது.

எதை நம்புவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் புதியதின் முதல் ஓட்டம் மட்டும் மிக நீண்டிருந்தது. சராசரியை இழுத்தவை அவைதான். அவற்றை நீக்கிவிடலாம். ஆனால் எனக்கு ஒத்துவராத எண்களை நானே நீக்கினால் அது என்ன அளவீடு? மென்பொருளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழை எதுவும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். லொறிகள் காத்து நின்றதால், கணக்குப்பிள்ளை தனக்குப் பழகிய பழையதிலேயே முதல் அறிக்கையை எடுத்திருந்தார். இன்றைக்குப் பழையதும் இழுக்கிறது என்று அலுத்துக்கொண்டார். பிறகு நான் ஓட்டிய புதியது தயங்கவேயில்லை.

அப்போதுதான் புரிந்தது. கணினியைப் போட்டவுடன் எது முதலில் ஓடினாலும் மெதுவாகத்தான் ஓடும். இதுவரை புதியதே முதலில் ஓடியது, கடை முதலாளி அப்படிச் சொன்னதால். மரியாதைக்காகக் கேட்டு நடந்தேன். அதையும் அளவீட்டின் ஒரு பகுதியாக நினைக்கவில்லை.

இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வரிசையை மாற்றலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"புது சாமான வச்சிக்கிட்டு பழசுல போணி பண்றதா, தங்கச்சி? இன்னைக்கு யாவாரம் படுத்தத பாத்தீங்கதானே."

"அப்ப ரெண்டுலயும் முதல் ஓட்டத்த கணக்குல சேக்காம விடுவோம், முதலாளி."

"போணியவே சேக்காட்டி வேற என்னத்த சேக்கிறது? லொறிக்காரன் நிக்கிறது அந்த நேரத்துலதானே."

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. மறுபடியும் குழம்பினேன்.

கடைசியில் சராசரி, இடையம், ஓட்டிய வரிசை மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகம் என் தகுதிகாண் காலத்தை ஒரு மாதம் நீட்டியது. கடையில் இரண்டு மென்பொருள்களும் இருந்தன. முதல் அறிக்கை புதியதில், மற்றவை கணக்குப்பிள்ளைக்குப் பழகிய பழையதில்.