பத்தாவது புத்தகம்

பி.எட். சேர்ந்த முதல் மாதத்தில் ஆளுக்கொரு சார்ட்டில் 'ஆசிரியராக என் இலக்கு' என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுதியதைவிட பார்டருக்குத்தான் மதிப்பு. என் பக்கத்து பெஞ்சுக்காரி மினுக்குப் பேனாவால் நாலு பக்கமும் பூக்கொடி போட்டு, நடுவில் 'மாணவர்களை நேசிப்பேன்' என்று எழுதியிருந்தாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எழுப்பிவிட்டு சீட்டில் உட்காருகிறவள் அவள். அவளைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்று நான் 'இளையோர் இலக்கியம் நிறைய வாசிப்பேன்' என்று எழுதினேன். அப்படி ஒன்று இருப்பதே முந்தின நாள்தான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேடம் 'மிக நன்று' போட்டு, வகுப்புச் சுவரில் நட்டநடுவில் ஒட்டினார். ஒட்டிய கையோடு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்து ரெக்கார்டு வந்தது. பதின்ம வயதினருக்கான பத்துப் புத்தகங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் விமர்சனம் எழுத வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. போன வருஷத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டை வாங்கி, முகப்பை மட்டும் மாற்றி, மீதியை அப்படியே இறக்கி வைக்க வேண்டியதுதான். வகுப்பு மொத்தமும் ஒரே ரெக்கார்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, பஸ்ஸிலும் கேன்டீனிலும் மடியில் வைத்து எழுதித் தள்ளியது. பத்துப் புத்தகம் படிக்கிற நேரத்தைவிட பத்துத் தலைப்புக்கு நிழல் கொடுத்து எழுத அதிக நேரம் செலவழித்தார்கள். இவர்கள்தான் நாளைக்குப் பிள்ளைகளைப் படி படி என்று அதட்டப்போகிறவர்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

எழுதியது நானும்தான். ஆனால் நான் வாக்கியங்களை மாற்றிப் போட்டு எழுதினேன். அதனால் அது காப்பி இல்லை என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். அந்த ரெக்கார்டில் பத்து விமர்சனமும் ஒரே மாதிரி, 'முடிவு சிறப்பாக அமைந்துள்ளது' என்றுதான் முடியும். அந்த வரியை மட்டும் நான் மாற்றவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளியில் போட்டார்கள். ஒரு நாள் கடைசி பீரியடில் ஒன்பதாம் வகுப்பைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சும்மா உட்காருவதற்குப் பதிலாக, நான் படித்த நாவல் என்று சொல்லி ரெக்கார்டில் இருந்த பத்தாவது புத்தகத்தின் கதையைச் சொன்னேன். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகச் சொன்னதால் ஒரு பெண் மலைமேல் ஏறிக்கொள்கிறாள், எவ்வளவு கூப்பிட்டும் இறங்க மாட்டேன் என்கிறாள். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. நான் நல்ல டீச்சராக வருவேன் என்று எனக்கே தோன்றிவிட்டது.

பெல் அடித்ததும் ஒரு மாணவி மட்டும் என் பின்னாலேயே வந்தாள்.

"அந்தப் பொண்ணு எறங்கி வந்துச்சா டீச்சர்?"

அவள் வீட்டில் பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஷூ கம்பெனிக்கு அனுப்பப்போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அவள் அக்கா ஏற்கெனவே வேனில் போய் வருகிறாளாம். அதனால் அந்தப் பெண் என்ன செய்தாள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கும் தெரியாதே. முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும், நீயே தேடிப் படி என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவள் தேடினாள். இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி செஞ்சி நூலகத்துக்கே வந்திருக்கிறாள். நூலகர் பாவம், அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டு, வேறு ஊர் நூலகத்துக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை வந்து, என் புத்தகத்தையே ஒரே ஒரு நாள் கேட்டாள். கிழிக்காமல் தருவாளாம்.

அன்று சாயங்காலம், ரெக்கார்டு கொடுத்த அந்த போன வருஷத்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கேட்டதும் சிரித்தாள்.

"அப்படி ஒரு புக்கே இல்லப்பா. ஒம்போதுதான் தேறுச்சு. பத்தாவது நானா எழுதனது."

முடிவு என்ன என்று கேட்டேன். இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது, அதனால் யோசிக்கவில்லை என்றாள். போனை வைத்துவிட்டு ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டு நாவல், மொழிபெயர்ப்பு என்று போட்டிருந்தது. அந்த வெளிநாட்டு மலையில் இடிந்த நெற்களஞ்சியம் இருந்தது, தின்பண்டத்தைப் பிடுங்கும் குரங்கு இருந்தது, உச்சிக்குப் போக ஒரு மரப்பாலம் இருந்தது. இவை அத்தனையும் இருக்கிற செஞ்சி மலைக்கோட்டையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போகிற நாங்கள் அத்தனை பேரும் இதை வரி வரியாக எழுதியிருக்கிறோம். செஞ்சிக்காரர்கள் திருத்தி, செஞ்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட எழுதியதைப் படிக்கவில்லை. உண்மையில் ஒரு கதை எழுதியவள் அந்த அக்கா ஒருத்திதான்.

பயிற்சியின் கடைசி நாள். பஸ்ஸில் போகும்போது ஒரு முடிவைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. அப்படி ஒரு புத்தகமே இல்லை, ரெக்கார்டுக்காக ஒருத்தி எழுதியது என்று சொல்லிவிட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். மற்ற ஒன்பது புத்தகமும் நிஜமானவை என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன்.

"அப்போ அதுல ஒன்னோட முடிவ சொல்லுங்க டீச்சர்."

ஒன்பது தலைப்பும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒரு முடிவும் வரவில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பழக்கமான பார்வைதான். பக்கத்து பெஞ்சுக்காரியை நான் தினமும் அப்படித்தான் பார்ப்பேன்.