முழங்காலுக்குக் கீழே ஒரு பரசூட்

பரசூட் மடிக்கிறவனைப் பற்றி யாரும் கதைக்கவில்லை என்றால் அவன் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். சமையல்காரர்களே, மின்சார வேலை செய்கிறவர்களே, பிரசவ வார்ட்டில் நிற்கிற தாதிமாரே, உங்களுக்கு இது விளங்கும். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

வளைகுடாவில் பதினொரு வருடம் நான் இந்த வேலையைத்தான் செய்தேன். குதிக்கிற ஆளின் முதுகுப் பையில் இரண்டு பரசூட் இருக்கும். முதலாவது மெயின். அது காலை வாரினால் திறப்பதற்கு ரிசர்வ். ரிசர்வை மடித்து முத்திரை வைக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதையும் அங்கேயே எடுத்தேன். ஊருக்கு வந்து மருதமுனையில் பொண்டாட்டி வீட்டில் குந்தியிருந்த காலத்தில், வெளிநாட்டு அணி ஒன்று எங்கள் கரைக்குப் பயிற்சிக்கு வந்தது. நாலு பேர் ஆகாயத்தில் விழுந்துகொண்டே கையைக் காலைப் பிடித்து விதவிதமான வடிவம் கட்டுவார்கள். ஐந்தாவது ஆள் தலைக்கவசத்தில் கமராவோடு மேலே நின்று படம் பிடிப்பார். அந்த ஐந்தாவது ஆள் சாய்ந்தமருதுக்கார நிஸ்வான், என் வளைகுடாக் கூட்டாளி. அணியின் தலைவன் மார்க்கோ. அவர்கள் இறங்குகிற கடற்கரை வெளியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் நான் முழங்காலில் இருந்து பரசூட் மடித்தேன்.

தரையில் பறந்தவர்கள்

மேலே அவர்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம் சொச்சம். அதற்குள் எல்லா வடிவமும் கட்டி முடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் தரையில் ஒத்திகை பார்ப்பார்கள். சில்லுப் பூட்டிய பலகைகளில் நாலு பெரிய ஆம்பிளைகள் குப்புறப் படுத்து, ஒருவன் காலை ஒருவன் பிடித்து, விட்டு, உருண்டு, மறுபடி பிடிப்பார்கள். மணிக்கணக்காக இதுதான் வேலை.

ஒருநாள் சம்மாந்துறையிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த ட்ரக்டர்காரர் ஒருவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் எல்லாம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “நாங்களும் வாகனம் பழகக்குள்ள கட்டில்ல இரிந்து கியர் போட்டுப் பாத்த ஆக்கள்தான் தம்பி. ஆனா கதவச் சாத்திப்போட்டுத்தான் செஞ்சம்.”

நிஸ்வானின் வீடு

போட்டியில் நடுவர்கள் பார்ப்பது படத்தை மட்டும்தான். படத்தில் விழாத வடிவம் நடக்காத வடிவம். கமரா தலையில் இருப்பதால் தலை திரும்பினால் படமும் திரும்பும். இது நிஸ்வானுக்குத் தெரியாததல்ல. வளைகுடாவில் அவன் கழுத்து மரக்கட்டை மாதிரி அசையாமல் நிற்கும்.

இங்கே வந்த முதல் வாரம் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தோம். முதலாவது வடிவம், இரண்டாவது, மூன்றாவது. திடீரென்று கடல் வந்தது, தென்னைகள் வந்தன, நீலக் கூரை போட்ட வீடு ஒன்று வந்தது. பிறகு படம் மறுபடி அணிக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் நாலு பேரும் அருமையான வடிவம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்கள். அதற்குச் சாட்சி அல்லாஹ் மட்டும்தான். “எங்கட ஊட்ட நான் மேலால கண்டதே இல்ல” என்று நிஸ்வான் குழறினான். மார்க்கோ கத்தவில்லை. நிதானமாகச் சொன்னான்: “உன் வீடு பின்னேரமும் அங்கேயே இருக்கும். என் புள்ளி போனால் போனதுதான்.”

கச்சான்

நிஸ்வானின் வாப்பா இப்றாலெவ்வை மாமா அதே கரையில் கரைவலை வைத்திருந்தார். எங்கள் கொட்டிலுக்கும் அவர் தோணிக்கும் நடுவில் நூறு அடிகூட இராது. ஒருநாள் காலை மேற்கே பார்த்துவிட்டு, “கச்சான் வரப்போகுது, இண்டைக்குப் போதுமெண்டு சொல்லு” என்றார். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற சூட்டுக் காற்று. பரசூட்டில் தொங்குகிறவனை அது எங்கே கொண்டுபோகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் மொழிபெயர்த்தேன். மார்க்கோ மரியாதையாகத் தன் காற்றுமானியை எடுத்து மாமாவிடம் காட்டினான். இன்னும் ஒரு தடவை குதிக்கலாம் என்றது மானி.

அந்த ஒரு தடவையில் மூன்று பேர் கடலில் விழுந்தார்கள். மிதவை அங்கி போட்டிருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. மாமாவின் தோணிதான் போய் அள்ளிக்கொண்டு வந்தது. மார்க்கோ தோணியின் அடியில் மீனோடு மீனாகக் குந்தியிருந்தான். அன்றிலிருந்து மாமா ஓம் என்று சொன்னபிறகுதான் விமானம் ஏறியது. அன்று கரையில் இறங்கும்போது மாமா என்னிடம் சொன்னார்: “காத்துக்கு இங்கிலீசும் தெரியா, அந்த மெசினும் தெரியா எண்டு தொரைக்கிச் சொல்லு மனே.”

கஞ்சி

உப்புத் தண்ணீர் பட்ட பரசூட்டை நல்ல தண்ணீரில் பல தடவை அலசி நிழலில் காயப் போட வேண்டும். சவர்க்காரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது. மூன்றையும் பொண்டாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே தறி போட்டிருக்கிற கொட்டிலைப் போல நீளமான நிழல் கல்முனைக் கரையில் வேறு எங்கேயும் இல்லை. தறியில் இருப்பவள் பொண்டாட்டியின் தங்கச்சி. பரசூட் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு நெருக்கமான நெசவை அவள் கண்டதில்லையாம். இது ஆளின் உயிரைத் தாங்குகிற துணி, கவனம் என்று சொல்லிவிட்டு நான் லுஹர் தொழப் போனேன்.

திரும்பி வந்தால் அடுப்பில் பெரிய பானை கொதிக்கிறது. தறியின் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற அரிசிக் கஞ்சி. பரசூட்டின் ஒரு முனை பானைக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அயல் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். அவளுக்குச் சரியான கோபம்: “உசிரத் தாங்கிற துணி எண்டு நீங்கதானே மச்சான் சொன்னீங்க? அதுதான் ரெண்டு கஞ்சி போட்டா நல்லா நிண்டு புடிக்குமெண்டு பாத்தன்!”

போத்தல்

உலகம் முழுக்க எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரிசர்வ் திறந்து உயிர் தப்பினவன், அந்த ரிசர்வை மடித்தவனுக்கு ஒரு போத்தல் கொடுக்க வேண்டும். என்ன போத்தல் என்று உங்களுக்குத் தெரியும். அணியில் ஒருவனுக்கு மெயின் முறுக்கிக்கொண்டு, அவன் ரிசர்வில் ஒரு வயல் வட்டைக்குள் இறங்கினான். மறுநாள் பேப்பரில் சுற்றிய போத்தலோடு வந்து நின்றான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எங்களுக்கு அது ஆகாது என்று நிஸ்வான் விளக்கினான். அந்த மனிதனின் முகம் கறுத்துப் போயிற்று. கொடுக்காவிட்டால் அடுத்த தடவை ரிசர்வ் திறக்காது என்று அவனுக்கு ஒரு பயம். கடைசியில் போத்தல்தான் கணக்கு, உள்ளே இருப்பது கணக்கில்லை என்று தீர்ப்பாயிற்று. அவன் அம்பாறைக்குப் போய்க் காட்டுத்தேன் ஒரு போத்தல் வாங்கி வந்து தந்தான். நிஸ்வான் அதில் விரலை விட்டு நக்கிக்கொண்டே சொன்னான்: “நான் உனக்கு ஒரு நாளும் போத்தல் தர வேண்டி வராது மச்சான். என்ட மெயினையும் நீதானே மடிக்கிற.”

கலியாணம் சொல்ல வந்தவர்

மடிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. பாதியில் எழும்பக் கூடாது. எழும்பினால் முழுவதையும் உதறி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். அன்று நிஸ்வானின் மெயின் என் முழங்காலுக்குக் கீழே கிடந்தது. துணிக்குள் இருக்கிற காற்றை அமுக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் இப்றாலெவ்வை மாமா. ஈரச் சாரத்தோடு மட்டுமே நான் கண்ட மனிதர், வெள்ளைச் சட்டை, புதுச் சாரம், தொப்பி, கையில் அழைப்புக் காட். நிஸ்வானின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருக்கிறார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். அடுப்பில் எண்ணெய் காயும்போது, கூரையில் ஒரு கால் வைத்திருக்கும்போது, கலியாணம் சொல்ல ஆள் வரும். நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளையின் வாப்பாவிடம் முழங்காலில் இருந்துகொண்டு கதைக்க முடியுமா? எழும்பினேன். அவர் இருக்கக் கதிரை போட்டேன். தேத்தண்ணி ஊற்றினேன். இரண்டு கையாலும் அழைப்பை வாங்கினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் துணி காற்று வாங்கி உப்பிப் போய்க் கிடந்தது. வெளியே வாகனம் ஹோன் அடித்தது, விமானம் காத்திருக்கிறது என்றார்கள். உதறவில்லை. பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. முழங்காலால் அமுக்கிப் பைக்குள் தள்ளி மூடிக் கொடுத்தேன்.

போகும்போது மாமா வாசலில் நின்று சொன்னது இது: “கட்டாயம் வந்திரணும் மனே. ஒன்ன நம்பித்தானே நான் அவன மேல அனுப்பிட்டு இரிக்கன்.”

ஐந்தாவது

நாலு பரசூட் ஒழுங்காகத் திறந்தன. ஐந்தாவது சுழன்றது. மஞ்சள் நிறம், நிஸ்வானுடையது. கீழிருந்து பார்க்கவே தலை சுற்றியது. பிறகு மஞ்சள் தனியாகப் பிரிந்து போயிற்று. அவன் மெயினைக் கழற்றிவிட்டான். ஒரு கணம் அவன் மட்டும் விழுந்துகொண்டிருந்தான். என் வாயில் கலிமா வந்தது. அதற்குப் பிறகு வெள்ளையாக ரிசர்வ் விரிந்தது.

இரண்டு காலிலும் இறங்கி நடந்து வந்தான். சிரித்தான். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள், ரிசர்வை மடித்தவன் நான்தானே. அவன் உயிரோடு நின்றதில் எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் உப்பிக் கிடந்த துணியும் ஞாபகம் வந்தது. நிஸ்வான் என்னைக் கட்டிப் பிடித்துச் சொன்னான்: “உன்ட கை ராசியான கை மச்சான். உம்மாட்டச் சொல்லி உனக்குப் போத்தல் எடுக்கிறன்.”

வெட்டாத படம்

படங்களைக் கணினியில் ஏற்றி வெட்டுவதும் என் வேலைதான். விமானத்தை விட்டு வெளியேறுவதிலிருந்து நாலு பேரும் பிரிகிற வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. அன்றைய மிச்சத்தை நான் பார்த்தேன். பழக்கப்பட்டவன் என்பதால் நிஸ்வான் திறந்தவுடன் தலையை நிமிர்த்திப் பரசூட்டைப் பார்த்திருக்கிறான். நடுவில் கிடக்க வேண்டிய கயிறு ஒன்று துணியின் தலைக்கு மேலால் போய் அதை இரண்டாக வெட்டி நின்றது. பாதியில் எழும்பினவனின் வேலை அது. காற்றோடு போன மெயினை ஒரு விவசாயி சிக்கும் சேறுமாகக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இருந்த சாட்சி இந்தப் படம் ஒன்றுதான். அழிக்கிற பொத்தானில் என் விரல் இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னால் அன்று மஃரிப் தொழுகை வரைக்கும்கூடத் தாங்க முடியவில்லை. மார்க்கோவையும் நிஸ்வானையும் கூப்பிட்டு முழுவதையும் போட்டுக் காட்டினேன். கதிரை போட்டதையும் தேத்தண்ணி ஊற்றியதையும் சொன்னேன். இனி ஒரு வாரம் தன் கண்முன்னால்தான் நான் மடிக்க வேண்டும் என்றான் மார்க்கோ. நிஸ்வான் படத்தை இரண்டு தடவை பார்த்தான். இரண்டு நாள் தன் பரசூட்டைத் தானே ஒரு மூலையில் மடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை பையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, அதே கதிரையை இழுத்துப் பக்கத்தில் குந்தினான். “உதறிப்போட்டு முதல்ல இரிந்து மடி. நான் இதிலயே இரிக்கன்.”

தேன்

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் இப்றாலெவ்வை மாமா தேன் போத்தல் ஒன்றோடு வந்தார். நிஸ்வானின் உம்மா கொடுத்துவிட்டாவாம். வீட்டில் நிஸ்வான் ரிசர்வைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறான் என்று விளங்கியது. அந்தப் போத்தலை வாங்க எனக்குக் கை எழும்பவில்லை. கரையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்த நேரம், நான் எழும்பியது, உதறாமல் விட்டது, படத்தில் கண்டது. நான் வரவேண்டாம் என்றால் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றும் சொன்னேன்.

மாமா போத்தலை என் கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். “வலை இழுக்கக்குள்ள ஆரும் வந்து கலியாணம் சொன்னா, கயித்த உடாம நான் தலையத்தான் ஆட்டுவன். அத நீயும் செஞ்சிரிக்கணும். வேல நேரமெண்டு பாத்து நானும் போன்ல சொல்லிரிக்கணும். தேன் ரெண்டாவது பரசூட்டுக்கு. புடி.”

இப்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே பரசூட் கிடக்கும்போது யார் வந்தாலும் நான் எழும்புவதில்லை. மரியாதை தெரியாதவன் என்று ஊரில் எடுத்திருக்கிற பேர், அன்று ரிசர்வ் திறக்காதிருந்தால் எடுத்திருக்கும் மற்றப் பேரைவிட எவ்வளவோ மேல்.