உயரம் குறைந்த பூவரசு

எங்கள் பள்ளி மைதானத்தில் நிழல் என்று சொல்ல எதுவுமில்லை. காற்று எழுந்தால் மணல் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மரம் நடலாமா என்று கேட்டபோது அறிவியல் டீச்சரான எனக்கும் ஆசை வந்தது. நாட்டு மரமாகவே வைப்போம் என்றேன். வேம்பு, புங்கன், நாவல், பூவரசு என்று ஆளுக்கொரு கன்று. குழி வெட்டியதும் முள் கட்டியதும் தண்ணீர் சுமந்ததும் அவர்கள்தான். நான் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமைதோறும் அவரவர் கன்றின் உயரத்தை அளந்து அதில் எழுத வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் கன்றுகள் கருக ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றச் சொன்னேன். இன்னும் வேகமாகக் கருகின. அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தேன். அப்போதும் கருகின. குழியோரம் வெள்ளையாகப் பூத்திருந்ததை ஒருத்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு டீச்சர்" என்றாள். செம்மண் வாங்கிக் கொட்டினோம். பலனில்லை. நான் அனுப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவள். இந்த உப்புத்தண்ணீர் ஏரிக்கரை மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று இவர்களை இதில் இறக்கிவிட்டேன்?

ஒரே ஒரு பூவரசு மட்டும் பச்சையாக நின்றது. ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து படகில் வரும் ஒரு பெண்ணுடையது அது. கேட்டால் மட்டும் பேசுகிற பெண். அவள் பக்கத்தைப் புரட்டினால் முதல் வாரம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர், அடுத்த வாரம் நாற்பத்தாறு, அதற்கடுத்த வாரம் முப்பத்திரண்டு.

"ஒழுங்கா அளந்தியா?"

"அளந்தேன் டீச்சர்."

நானே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டுதான்.

"செடி சுருங்குமா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. மண் மேவியிருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மறு வாரம் ஐம்பதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்த எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் எங்கேயும் செடி கீழ்நோக்கி வளரவில்லை.

பரீட்சை வேலை இருந்ததால் ஒருநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். மைதானத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நனைந்த கைலி. பக்கத்தில் பிடுங்கிப் போட்ட ஒரு வாடிய குச்சி. கையில் இலையோடு ஒடித்த புதிய பூவரசங்கிளை. அந்தப் பெண்ணின் அப்பா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னா சொல்றது டீச்சர், நீங்களே பாத்துட்டீங்க."

"வாரா வாரம் மாத்துறீங்களா?"

"மொத கன்னு வாடுனப்ப பொண்ணு ரெண்டு நாளு சோறு துன்னல. வலையப் போட்டுட்டு வர்ற வழிதான, கரையில இருக்குற மரத்துல ஒடிச்சாந்து வச்சிட்டுப் போறேன்."

"இலையைக் கழிச்சிட்டு வெறும் குச்சியா, போத்தா நட்டா வேர் புடிக்கும்னு சொல்வாங்களே?"

"தெரியும் டீச்சர். ஆனா வெறுங்குச்சியா நின்னா செத்துப்போச்சுன்னுதான நெனைக்கும்? அதுகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. அது சரியா என்று அன்று முழுக்கக் குழம்பினேன். வகுப்புக்கு நான் கற்றுக்கொடுத்ததே கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும் என்பதுதான். இப்போது அவள் நேர்மையாக எழுதும் ஒவ்வொரு எண்ணும் பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனால் அதைப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மறுபடி அவரைப் பார்த்தபோது, பிள்ளைகளுக்குப் போத்து நட்டுக் காட்ட வாங்க என்று கூப்பிட்டேன். "வகுப்புக்குலாம் வந்து நிக்க எனக்கு வராது டீச்சர்" என்று மறுத்துவிட்டார். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் பள்ளி கேட்டில் ஒரு சாக்குக் கட்டு சாய்ந்திருந்தது. உள்ளே இலை கழித்த பூவரசம் போத்துகள். யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று மட்டும் வகுப்பில் சொன்னேன். கன்று கருகிய பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கடைசியாக வந்தாள்.

"நைனா கொண்டாந்ததுல எனக்கும் ஒண்ணு குடுங்க டீச்சர்."

கொண்டுவந்தது யார் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "உனக்குத்தான் செடி இருக்கே" என்றேன்.

"அது நைனாவோடது. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் ஒரு போத்தை உருவினாள். "நைனாகிட்ட சொல்லாதீங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழி தோண்டப் போனாள். அப்படியானால் செடி சுருங்குமா என்று என்னிடம் கேட்டது எதற்கு? தெரிந்தே கேட்டாளா, அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டாளா?

மழை மண்ணிலிருந்த உப்பைக் கழுவியதோ, போத்துதான் உப்பைத் தாங்கியதோ, பாதிக்கு மேல் துளிர்த்தன. மீதி ஏன் துளிர்க்கவில்லை என்று தெரியவில்லை. அப்பா கடைசியாக வைத்த இலைக்கிளையும் எப்படியோ வேர் பிடித்துக்கொண்டது. அவள் நட்டது நெடுநாள் வெறுங்கட்டையாக நின்று, எல்லோரும் கைவிட்ட பிறகு அடியில் ஒரே ஒரு தளிர் விட்டது. அன்று மாலை படகோடு வந்த அப்பாவைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துவந்தாள். இருவரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அப்பா வைத்த பெரிய பூவரசைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரின் ரகசியத்தையும் வைத்திருந்த நான், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் வராந்தாவிலேயே நின்றேன்.