எங்களை முந்திப் போன சக்கரம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. குன்னத்தூரிலிருந்து திருப்பூர் வரும் சாலையில் நடந்தது இது.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். நாற்பது பேரை மேய்க்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அந்த நாற்பது பேரைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். எதற்கும் ஒரு கிண்டல் சொல்லிவிட்டு மறு வேலை பார்ப்பது என் குணம்.

ஊரில் கோயில் நோம்பி என்று வேன் டிரைவர் லீவு போட்டிருந்தார். குன்னத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் ஏழு பெண்களைக் கூட்டிவர ஆள் இல்லை. ஒன்பது மணிக்கு, எங்கள் சரக்கை வாங்கும் பையர் அதைப் பார்க்க வருகிறார். நானே போகிறேன் என்று ஆம்னி வேனின் சாவியை வாங்கினேன். பையர் வருகிறாரே என்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வேறு.

ஏழு பேரும் ஏறி முடித்த இடத்தில், இடது பக்க முன் சக்கரம் பஞ்சர். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார்கள். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பளை மெக்கானிக்கைக் கூப்பிடுவானா? ஜாக்கியை எடுத்தேன்.

எங்கள் ஊரில் எந்த வண்டியின் சீட்டுக்கு அடியிலும் ஒரு கட்டு பனியன் வேஸ்ட் கிடக்கும். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகள்தான். கை துடைக்க, கண்ணாடி துடைக்க, கொட்டின டீயைத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும், உள்ளே இருந்த கிரீஸ் சட்டையில் படக்கூடாது என்று அந்தத் துண்டுகளைப் போல்ட்டுகளின் மேல் போர்த்திவிட்டேன். ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டும்போது அவற்றை உருவிப் போட்டேன். எல்லாவற்றையும் உருவியதாகத்தான் நினைத்தேன். வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே நான்கு நட்டுகளையும் முறுக்கினேன். இறக்கிய பிறகு டயரை ஒரு எத்து எத்திப் பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை அதுதான் தரப் பரிசோதனை.

"பரவால்லீங்ண்ணா. கம்பெனிய மூடுனாலும் உங்களுக்கு பஞ்சர் கடை இருக்குதுங்க" என்றாள் தையல் பிரிவில் இருக்கும் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகத்தான் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர், செக்கிங் டேபிளில் வேலை. "ஏண்ணே, கீழ எறக்குனதுக்கப்புறம் இன்னொருக்க முறுக்கணும்லா?" என்று கேட்டார். நீ பீஸைச் செக் பண்ணு, வண்டியை நான் செக் பண்ணிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். அதற்கும் சிரிப்பு கிடைத்தது.

ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். இடது பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம். ஸ்டியரிங் லேசாக உதறியது. ரோடு சரியில்லை என்றேன். ரோடு புத்தம் புதுசாகப் போட்டது, எனக்கும் தெரியும். சத்தம் கூடியது. பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். மணி எட்டே கால்.

செக்கிங் அக்கா முன்னால் சாய்ந்து, பாட்டை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

"வண்டிய ஓரங்கட்டுங்க. நான் எறங்கி நடந்தே வாரேன். அரை நாள் சம்பளத்தப் பிடிச்சுக்கிடுங்க" என்றார்.

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தேன். அவர் சொன்னது சரி என்று நினைத்து அல்ல, அவரை இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுதான்.

ஓரத்துக்கு வருவதற்குள் வண்டியின் இடது மூக்கு சடாரென்று தரையில் விழுந்தது. இரும்பு தார் ரோட்டில் உரசுகிற சத்தம். உள்ளே ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். கண்ணாடி வழியாக எங்கள் சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். அது நேராக இடது ஓரத்து பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனது. அங்கே ஒரு அம்மா, யூனிபார்ம் போட்ட இரண்டு குழந்தைகளோடு நின்றிருந்தார்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. நாள் முழுக்க ஓயாத வாய், அப்போது திறக்கவில்லை. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளையும் பிடித்து இழுத்தார். சக்கரம் அவர்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப்போய்ச் சுவரில் மோதிச் சுழன்று விழுந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். அவர் மண்டியிட்டு, குழந்தைகளின் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார், திட்டப் போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டி, சாய்ந்து கிடந்த ஆம்னியைப் பார்த்தார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார்.

வண்டியைத் திரும்பிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கிய பெண்கள் லீவில் இருந்த டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். வண்டியை இப்படியா வைத்திருப்பது என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் சும்மா இருந்தேன். டிரைவர் தலையில் போட்டுவிடலாமா என்று மனசு கணக்குப் போட்டது. பிறகுதான், தப்பு என்னுடையது, அக்கா சொன்னதை நான் கேட்கவில்லை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வந்த மெக்கானிக் சக்கரத்தைப் புரட்டினார். உள்பக்கத்தில், பச்சை நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பனியன் துண்டு நசுங்கி ஒட்டியிருந்தது. எங்கள் கம்பெனி சரக்குதான். "சக்கரத்துக்கு எதுக்குங்க பனியன்?" என்று கேட்டுவிட்டு, பொறுமையாக விளக்கினார். துணி நடுவில் இருந்தால் சக்கரம் இரும்போடு இரும்பாக உட்காராது. ஓட ஓடத் துணி நசுங்கும், நட்டு தளரும். துடைத்துச் சுத்தமாக வைத்துத்தான் மாட்ட வேண்டும். எதிரெதிர் நட்டாக முறுக்க வேண்டும். டயர் தரையில் நின்ற பிறகு மறுபடி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் கூட ஆகாதுங்க என்றார்.

பையர் வந்தார், காத்திருந்தார், போனார். முதலாளி திட்டினார். அது எதுவும் இப்போது நினைவில் நிற்கவில்லை. அன்று மதியம் செக்கிங் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கையில் இருந்த பீஸைத் திருப்பிப் பார்த்தபடியே, "எங்க வீட்டுலயும் ரெண்டு பிள்ளை இருக்குண்ணே, சாயங்காலம் நான் போணும்லா" என்றார்.

இப்போதும் நான் கிண்டல் பேசுகிறவன்தான். ஆனால் என் வண்டியில் யாராவது ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால், இவர்களுக்காக எங்கோ ஒரு வீட்டில் யாரோ காத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்து, என்னைக் கீழே இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வைத்துவிடுகிறது.