சந்தனம் பூசிய துவக்கு

மாமனார் விட்டுப்போன ஜேர்மன் வேட்டைத் துவக்கு லைசென்ஸோடு என் கைக்கு வந்தது. இலட்சக்கணக்கில் போகும் என்று கனடாவிலிருந்து மைத்துனன் அடித்துச் சொன்னான். விலை மதிக்கத் தெரிந்தவர் என்று அரியாலையில் ஒருவரைக் காட்டினார்கள்.

உருண்டையான மனிதர். சாரமும் பனியனும் அணிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எந்தத் துவக்கு வந்தாலும் முதலில் அதை மடித்து, தோட்டா இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்குள்ளால் வானத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். என்னுடையதற்குள்ளாலும் பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார்.

“உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்குது தம்பி. வெளியிலைதான் ஒண்டையும் வாசிக்கேலாமல் கிடக்கு. இதென்ன மஞ்சளாய் அப்பியிருக்கு?”

“சந்தனம் அண்ணை. மாமா ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பூசுவார்.”

வயிறு குலுங்கச் சிரித்தபடி ஈர்க்கால் சுரண்டினார். குழலின் முதுகில் ஜேர்மன் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சுற்றிவரத் துரு அரித்திருந்தது.

“ஜேர்மனியிலை சூல் எண்ட பட்டினத்திலை செய்தது. நல்ல சாமான். ஆனால் ஈரச் சந்தனம் இரும்பைத் திண்டிட்டுது. பாதி விலைதான் வரும். மற்றப் பாதியைக் கடவுள் எடுத்திட்டார்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புறப்படும்போது, “அண்ணை, நீங்கள் நல்லாய்ச் சுடுவியள் போல?” என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய்த் துவக்கை என்னிடம் நீட்டினார்.

“சீச்சீ, எனக்கு வெடிச்சத்தம் ஆகாது. கோயிலிலை வெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு வீட்டை ஓடிடுவன்.”

போர்க்காலத்தில் நாங்களெல்லாம் எப்போதோ பழகிப்போன சத்தம் அது. அதற்கு இன்னும் பழகாத ஒருவரை எங்கள் ஊரில் நான் அன்றுதான் கண்டேன்.