மழைக்கு மூன்று வட்டம், வெயிலுக்கு ஒன்று

மழை வருமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குவது ஒரு விசித்திரமான பிழைப்பு; பதில் சரியாக இருந்தால் யாருக்கும் நினைவிருக்காது, தவறினால் ஊருக்கே நினைவிருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தொப்பலாக நனைந்தவர்களும், மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டு ஓடி ஓடி அள்ளியவர்களும், குடையைச் சுமந்துகொண்டு கொளுத்தும் வெயிலில் நடந்தவர்களுமான வாசகர்களே, நாம் எல்லோரும் ஒரே வானத்திடம் ஏமாந்தவர்கள்தாம். நான் கொஞ்சம் கணக்குப் போட்டு ஏமாந்தேன், அவ்வளவுதான்.

ஓரிரு இடங்கள்

அறுபதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் சலவைப்பட்டறைக்காரர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பனியன் துணியைத் தொட்டியில் போட்டு வெளுத்து, ஆற்றோர வெளியில் விரித்துக் காயவைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். காய்கிற நேரத்தில் மழை வந்தால் வெள்ளைத் துணியில் சேறு தெறிக்கும். மறுபடி அலச வேண்டும். அள்ளி ஈரத்தோடு குவித்து வைத்தாலோ கரும்புள்ளி விழும். விரிக்க வரும் பெண்களுக்கும் நஷ்டம்தான். மழை விரட்டிவிட்டால் அன்று அரைக்கூலி என்பது வழக்கம்.

சங்கத்துச் செயலாளர் சென்னியப்பன், சொந்தப் பட்டறையும் தோட்டமும் உள்ளவர். மெலிந்த உடம்பு, கனத்த குரல். என்னைச் சோதிக்க அவர் கேட்டது ஒரே கேள்வி: மழையைக் கணக்கில் பிடிக்க முடியுமா? நாள்தோறும் பெய்த மழையின் பழைய பதிவு கிடைத்தால், நாளை மழை வர எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லலாம் என்றேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். தை மாதம் வரை பார்க்கலாம், பிறகு சங்கம் கூடி முடிவெடுக்கும் என்றார். ரேடியோவில்தான் தினமும் சொல்கிறார்களே, நான் எதற்கு என்று தயங்கியபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: "ரேடியோவுல ஓரிரு இடங்களில் மழைங்கறாங்க அம்மணி. அந்த ஓரிரு இடத்துல நம்ம திருப்பூரு இருக்குதா இல்லியான்னு சொல்லத்தானுங்க உங்களைக் கூப்பிட்டிருக்கறோம்."

எருமை தள்ளிய மழை

பழைய பதிவுகளைத் தேடித் தாலுகா கச்சேரிக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, மூக்குப்பொடி வாசம் வீசும் ஒரு பெரியவர், கட்டுக்கட்டாக எடுத்து வைத்தார். திருப்பூர், அவிநாசி, ஊத்துக்குளி என்று ஒவ்வொரு மழைமானியிலும் தினமும் காலையில் அளந்து எழுதியது. நான் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழையெல்லாம் மை வெளுத்து அங்கே கிடந்தது. படிக்கப் படிக்க, யாரோ தூரத்தில் கூரைமேல் மெல்லத் தட்டுவது போலிருந்தது.

ஊத்துக்குளிப் பதிவில் ஒரு நாளுக்கு எதிரே எண் இல்லை. 'எருமை தள்ளிவிட்டது, அளக்கவில்லை' என்று எழுதியிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லா ஊரிலும் அன்று மழை. ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் போடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்குத்தான் கல்லூரியில் எங்களுக்கு மூன்று வருடம் பாடம் எடுத்தார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

நான் மும்முரமாக நகலெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு ஒரு கட்டத்தில் தாங்கவில்லை: "ஏனுங்கம்மா, பேஞ்சு ஓடிப்போன மழைய இப்பக் கணக்கெடுத்து என்னுங்க பண்ணப்போறீங்க? ஆத்துல போன தண்ணிக்கு ஆஜர் பட்டியலுங்களா?"

நேற்றைக் கேட்டால் நாளை

நூல்கடை மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அதில் ஒரு மேஜை, கைப்பிடியைச் சுற்றினால் கணக்குப் போடும் இரும்பு யந்திரம் ஒன்று. பெருக்கலுக்கு முன்பக்கம் சுற்ற வேண்டும், வகுத்தலுக்குப் பின்பக்கம். முடிவு வரும்போது டிங் என்று ஒரு மணியடிக்கும். கீழே நூல்கடைக்காரர் அதைப் பூஜை மணி என்று நினைத்துக் கொஞ்ச நாள் மரியாதையாக இருந்தார்.

அந்த யந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நான் கண்டுகொண்டது இதுதான். மழை நாட்கள் தனித்தனியாக வருவதில்லை. நேற்று பெய்திருந்தால் இன்று பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. முந்தாநாளும் பெய்திருந்தால் இன்னும் கூடுகிறது. வறண்ட நாளும் அப்படித்தான், ஒன்றின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது நடக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் ஒரு கணக்கு, ஐப்பசியில் கீழ்க்காற்று வந்தால் வேறு கணக்கு. வானம் இத்தனை ஞாபகசாலி என்று எனக்கு அதுவரை தெரியாது. துக்கமும் இப்படித்தான் வரும் என்று அப்போது தோன்றியது. அதை அறிக்கையில் எழுதவில்லை.

வாய்ப்பை எப்படி ஊருக்குச் சொல்வது? வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். தினமும் சாயங்காலம் நான்கு வட்டம் போடுவேன். நாளைய மழை வாய்ப்புக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ மூன்றோ வட்டத்தைச் சாக்கட்டியால் நிரப்புவேன். நிரம்பியது மழைக்கு, வெற்று வட்டம் வெயிலுக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று செய்தது. முதல் நாள் அதைப் பார்த்த சென்னியப்பன் வட்டங்களை விரலால் எண்ணினார். "வரும், வராதுன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா நாலு இட்டிலி வெச்சு எந்த இட்டிலி வேணும்ங்கறீங்களே அம்மணி!"

காதர் பாயின் கால் பங்கு

பலகையை முதலில் மதித்தவர் காதர் பாய். ஆற்றோரத்தில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை. தன் வேலையின் தரத்துக்குத் தானே சாட்சி என்பார். ஒரு வட்டம் நிரம்பியிருந்த நாளில் அவர் பட்டறைப் பக்கம் போனேன். முக்கால்வாசித் துணிதான் வெளியே காய்ந்தது. மீதி வெளுக்காமல் உள்ளே கட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, "நீதானேம்மா நாலில் ஒண்ணு மழைன்னே? அந்த ஒண்ணை உள்ளே வெச்சுட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை வந்தால் எல்லாத் துணிமேலும்தான் வரும், கால்வாசித் துணியை மட்டும் தேர்ந்தெடுத்து நனைக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவர் முறை மாறவில்லை. இரண்டு வட்டமென்றால் பாதித் துணி வெளியே, மூன்றென்றால் கால்வாசிதான். பெண்களையும் அந்த அளவுக்குக் கூப்பிடுவார். பிறகு ஒருநாள் ஓய்வாக இருந்தபோது அவர் முறையை யந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். பெரிய லாபம் வராது. ஆனால் எந்தப் பருவத்திலும் அடியோடு விழமாட்டார். அதைச் சொல்லப் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லாபம் கிடக்கட்டும் தங்கச்சி. கால்வாசியை உள்ளே வெச்சா முக்கால்வாசித் தூக்கமாவது வருதுல்ல."

பஸ் ஏறாத மழை

பலகையின் பேர் பரவியது. கல்யாணம், காதுகுத்து, மாட்டுச்சந்தை எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. எனக்கு 'மழை டீச்சர்' என்று பேர் வைத்தார்கள்; படித்த பெண் டீச்சராகத்தானே இருக்க வேண்டும். கொமரலிங்கத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒருவர், ஊரில் நெல் அறுப்பு வைத்திருப்பதாகவும் அதற்கு வட்டம் போட்டுத் தரும்படியும் கேட்டார். என் கணக்கு இந்த ஊருக்கு மட்டும்தான், அமராவதிக் கரைக்கு வேறு பதிவு பார்த்து வேறு கணக்குப் போட வேண்டும் என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "அட, இத்தன படிச்சிருக்கறீங்க, உங்க மழைக்கு ஒரு பஸ்ஸு ஏறி வரத் தெரியாதுங்களா?"

வராத மழை வாங்கிய கூலி

ஐப்பசியில் பட்டறைகளுக்கு நஷ்டம் குறைந்தது. சென்னியப்பன் முகத்தில் தெளிவு. எனக்கும் தரையில் கால் பாவவில்லை. அந்த நேரத்தில்தான் மரகதம் மாடி ஏறி வந்தார். துணி விரிக்கும் பெண்களுக்கு மூத்தவர். நாற்பது வயது இருக்கும். வெயில் அவர் முகத்தைக் கறுக்கவைத்திருந்தது, கைகளைச் சுண்ணாம்புத் தண்ணீர் வெளுக்கவைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யந்திரத்தைப் பார்த்து, "இதுதானுங்களா அது?" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் காலையில் எல்லோரையும் கூப்பிடுவார்கள். மழை வந்து கலைத்தால் அரைக்கூலி உண்டு. இப்போது பலகையில் மூன்று வட்டம் நிரம்பினால், காதர் பாயைத் தவிர மற்ற பட்டறைக்காரர்கள் முதல்நாள் சாயங்காலமே 'நாளைக்கு வரவேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வராதவர்களுக்கு அரைக்கூலியும் கிடையாது. மறுநாள் வெயில் அடித்தாலும் கிடையாது.

யந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரகதம் குரலை உயர்த்தவே இல்லை. "உங்களைக் குத்தஞ் சொல்ல வரலீங்க டீச்சர். முன்னெல்லாம் மழ வந்து எங்க கூலில பாதிய எடுத்துக்கும். இப்ப அது வராமயே முழுசையும் எடுத்துக்குதுங்க."

ஒற்றை வட்டம்

சென்னியப்பனிடம் பேசினேன். "மழைக்கு நாம என்ன பண்ண முடியுமுங்க?" என்று முடித்துவிட்டார். சில நாள் கழித்து, இரண்டு நாள் மழையும் கீழ்க்காற்றும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் மூன்று வட்டத்தை நிரப்பினேன். வழக்கம்போல் ஆள் போயிற்று: நாளைக்கு யாரும் வரவேண்டாம்.

மறுநாள் விடிந்ததே பளீரென்று. ஒரு துண்டு மேகம் இல்லை. நான் அறைக்கு வந்தபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வேலையில்லாத பெண்கள் எல்லோரும் தங்கள் வீட்டுச் சீலைகளைத் துவைத்து ஈரத்தோடு கொண்டுவந்து, நூல்கடைப் படியிலும், சுவரிலும், மாடிக் கைப்பிடியிலும், நான் வட்டம் போட்ட பலகையின் இரண்டு பக்கமும் விரித்திருந்தார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டடம் தேர் மாதிரி நின்றது. பலகையை மட்டும் மறைக்கவில்லை. துணி விரிப்பதில் அவர்களுக்கு இருந்த நேர்த்தியை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்; ஒரு சீலையிலும் சுருக்கம் இல்லை. மரகதம் என்னைக் கண்டதும் கும்பிட்டார். "வாங்க டீச்சர். உங்க மழையில எங்க சீலையெல்லாம் நல்லாக் காயுதுங்க." தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

சென்னியப்பன் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் காதர் பாய். அன்று ஊரிலேயே அவர் களத்தில் மட்டும்தான் கால்வாசி வெள்ளை தெரிந்தது. "இப்ப என்ன வேணும் மரகதம்?" என்றார் சென்னியப்பன். "பலகையப் பாத்து வேண்டாம்னு சொன்ன நாளு வெயிலடிச்சா, எங்களுக்கு அரைக்கூலி வேணுமுங்க." அவர் என் பக்கம் கை நீட்டினார்: "மழ வரும்னு சொன்னது டீச்சரு. அவுங்ககிட்டக் கேளுங்க!" மரகதம் பலகைக்குப் போய், நிரப்பாத வட்டத்தில் விரலை வைத்தார். "அவுங்க வரும்னு எங்கீங்க சொன்னாங்க? மூணு வட்டம் மழையோடது, அது உங்களுக்கு. இந்த ஒத்தை வட்டம் எங்களுதுங்க."

தப்பின் கணக்கு

தைக்குக் காத்திராமல் அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. என் வேலை, அவர்கள் கூலி இரண்டும் ஒரே பேச்சில் தொங்கின. இந்த மாதிரி எத்தனை தடவை தப்பும் என்று சென்னியப்பன் கேட்டார். குறைத்துச் சொன்னால் அரைக்கூலிக்கு ஒத்துக்கொள்வார்கள். அந்த ஆசை எனக்கு வரத்தான் செய்தது. ஊத்துக்குளியின் எருமையை நினைத்துக்கொண்டேன். மூன்று வட்டம் போடும் நாட்களில் ஏறக்குறைய நான்குக்கு ஒரு நாள் வெயிலடிக்கும், இன்னும் எத்தனை வருடம் கணக்குப் போட்டாலும் அடிக்கும், அந்த நாள் எது என்பது மட்டும் எனக்குத் தெரியாது என்றேன். சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "அப்ப இன்னிக்கு மாதிரி நாளு வரும்னு மொதல்லயே அந்தப் பலகையில எழுதித்தான் வெச்சிருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

காதர் பாய் தொண்டையைச் செருமினார். மூன்று நாள் நஷ்டத்தைத் தவிர்க்கிற பலகைக்காக ஒருநாள் அரைக்கூலி தருவதில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். ஆளாளுக்குப் பேசி ஓய்ந்தார்கள். கடைசியில் சென்னியப்பன் எழுந்து, வேண்டாம் என்று சொல்லி வெயிலடித்தால் அரைக்கூலி என்று அறிவித்தார். வாசலில் நின்ற மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் வேலை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று நான் மெல்ல இழுத்தேன். தோற்ற ஆள் போல இல்லாமல், ஒரு நல்ல மாட்டை வாங்கிய ஆள் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சென்னியப்பன் சொன்னார்: "எங்கூட்டு ஜோசியரு முப்பது வருசமா வாறாருங்க. எத்தன தடவ தப்பும்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. நீங்க எங்கீங்க போறீங்க, நாளைக்கு வட்டத்தப் போடுங்க."

சரியாகச் சொன்ன மழைக்கெல்லாம் ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்றாலும், சொல்லியும் வராத மழைக்காக ஓர் ஊர்ப் பெண்கள் வாழ்த்திய ஒரே கணக்குக்காரி நானாகத்தான் இருப்பேன்.