கதிர்காமத்து வெயிலிலும் விறைத்த கை

இரண்டு வருடத்துக்கு முந்திய கார்த்திகை மழையில், ஒரு விடியற்காலை, என் மனைவி மகேசுவால் விரல்களை மடக்க முடியாமல் போனது. வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை. "மரக்கட்டையாட்டம் இருக்குங்க" என்றாள். நான் குளிரைத் திட்டினேன். லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் குளிரைத்தான் திட்டுவோம். இருமலுக்கு அது, சோம்பலுக்கு அது, மாவு புளிக்காததற்கும் அது. குளிர் வாய் திறந்து மறுப்பதில்லை. அது ஒரு வசதி.

மகேசு கொழுந்து பறிப்பவள். நான் டவுனில் கொப்பியும் பேனாவும் பழைய புத்தகங்களும் விற்கிறவன். விற்பதைவிட வாசிப்பது அதிகம் என்பதால் புத்தகங்கள் பத்திரமாகக் கடையிலேயே இருக்கின்றன. வைத்தியப் புத்தகங்களையும் விடவில்லை. அவற்றால் எனக்குக் கிடைத்தது, தெரியாததையும் அடித்துச் சொல்லும் தைரியம். "பனியில நின்னு நின்னு வாதம் புடிச்சிருக்கு" என்றேன். சுடுதண்ணீரில் கையை வைத்தாள். சற்று இளகியது. என் தீர்ப்பு உறுதியாகிவிட்டது.

மாசியும் வந்தது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒரே மாதிரி வீங்கின. மத்தியானம் நெருங்கும் வரை விறைப்பு விடவில்லை. சாயங்காலம் அடித்துப் போட்டதுபோல் படுத்துக்கொள்வாள். மலையில் இதெல்லாம் யாருக்கும் செய்தியே இல்லை. பக்கத்து நிரையில் பறிக்கும் பாக்கியம் அக்கா, "ஒனக்கு மட்டுமாடி வலிக்குது? கை வலிக்காதவ ஒருத்திய இந்த மலையில காட்டு, நான் கும்புடுறேன்" என்றாராம். கங்காணி அதற்கும் மேலே போனார். "என்னா மகேசு, கொழுந்து பறிக்கிறியா, இல்ல கொழுந்துக்குத் தடவிக் குடுக்கிறியா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளாம். வீட்டில் என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வலி மாத்திரை வாங்கினோம். சிங்கள வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வீங்கிய மூட்டுகளில் அமுக்கித் தேய்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். வைகாசியில் வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன; அவளுடைய ரவிக்கை ஊக்கை நான் மாட்டிவிட வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். கரண்டியும் சில நாள் நழுவியது. ஒரு காலையில் இரண்டு கைகளையும் மடியில் போட்டு, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்தபடி கேட்டாள்: "இந்தக் கை இனி எனக்கு ஒதவாதுங்களா?"



நான் பெரிய பக்தன் அல்ல. கோயிலில் கடைசி வரிசையில் நின்று, பாதி மனதைச் செருப்பின் மேல் வைத்திருப்பவன். அன்று முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அவ கையத் திருப்பிக் குடு சாமி" என்று அழுதேன். ஆடியில் கதிர்காமம் வந்து மொட்டை போடுகிறேன் என்றும் சொன்னேன். என் தலையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சிறிய காணிக்கை என்று தெரியும். முருகன் கணக்குப் பார்க்கமாட்டான் என்று நம்பினேன்.

எனக்குள் ஒரு கணிப்பும் இருந்தது. கதிர்காமம் சூட்டுப் பூமி. அங்கே இரண்டு நாள் தங்கினால் உடம்பில் ஏறிய குளிர் இறங்கிவிடும், அதற்காகத்தான் முருகன் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

ஆடியில் போனோம். இரவெல்லாம் மடத்தில் வியர்வையில் ஊறிக்கிடந்தோம். விடிந்தபோது எல்லாரும் துவாயால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மகேசுவின் விரல்கள் லிந்துலையில் இருந்தபடியே விறைத்திருந்தன. மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போனோம். சன்னிதியை எப்போதும் மறைத்திருக்கும் திரைக்கு முன்னால் எல்லார் கைகளும் குவிந்தன. அவளும் குவித்தாள். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் இருந்த இடைவெளி வழியாக எனக்கு விளக்குச் சுடர் தெரிந்தது.

வெளியே வந்ததும், "இங்க எங்கங்க குளிரு?" என்று கேட்டாள்.

நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். முருகன் கைவிட்டுவிட்டான் என்றே நினைத்தேன். கோபம்கூட வந்தது. திரும்பும் பஸ் வெல்லவாயவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. குளிர் இல்லை என்றால் இது வேறு எதுவோ. நாங்கள் ஒளிந்துகொண்டிருந்த ஒரே சாக்கை முருகன் பிடுங்கிவிட்டான். என் வேண்டுதலுக்கு அவன் தந்த பதில் அதுதான்.

அடுத்த வாரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கும் என்று கேட்டார். இரத்தம் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள். "இது குளிரால வாறது இல்லம்மா. ஒடம்பக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய் மூட்டைத் தாக்குது. முடக்குவாதம்" என்றார்.

"கை பழையபடி ஆகுங்களா டாக்டர்?"

"வளைஞ்ச விரல் நேராகுறது கஷ்டம். மத்தது வளையாம பாத்துக்கலாம். முன்னமே வந்திருந்தா இன்னும் நல்லம்."

மகேசு தலையாட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன்.

முக்கிய மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் விழுங்கினால் ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒழுங்காக இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே வாரக்கணக்கில் ஆனது. அந்தக் காத்திருப்பில் நான் உதவாத மனிதனாக, ஊக்கு மாட்டுவதிலும் முருகனை நச்சரிப்பதிலும் நாளைக் கழித்தேன்.

மார்கழியில் ஒரு காலை கண் விழித்தேன். பக்கத்தில் அவள் இல்லை. அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்து தட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் நின்றுவிடுமோ என்று பயம். போர்வைக்குள் கிடந்து அழுதேன். "என்னாங்க, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டாள். அடுப்புப் புகை என்றேன். அவள் நம்பவில்லை.

வலது கையில் இரண்டு விரல்கள் இனி நிமிராது. மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன. சில காலைகளில் வலி மறுபடி வந்து பயமுறுத்துகிறது. முழுதாகக் கேட்டேன், இவ்வளவு கிடைத்தது. இந்த இவ்வளவுக்கும் தினமும் நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் கும்பிடும்போது முருகனுக்கு யோசனை சொல்வதில்லை. அவன் காட்டுவதைப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருத்தி காலையில் விறைத்த விரல்களோடு குளிரைத் திட்டிக்கொண்டிருக்கலாம். விறைப்பு ஒரு மணித்தியாலம் தாண்டியும் விடாவிட்டால், இரு கை மூட்டுகளும் வீங்கினால், கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். அங்கேயும் முருகன்தான் இருக்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாள். நம்பாதீர்கள். நாளைக் காலையில் அவள் கையை ஒருமுறை உங்கள் கைக்குள் எடுத்து, மெல்ல மடக்கிப் பாருங்கள்.